முட்டித் தேய்மானம்: பினாங்கில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். என்னிடம் வரும் தமிழர்களில் பெரும்பாலானோருக்கு முட்டிதான் பிரச்சினை. டாக்டர் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்று எழுதிக் கொடுத்திருப்பார். வீட்டில் எலும்புத் தேய்மானம், மூட்டு வாதம், வாயு என்று ஆளுக்கொரு பெயரில் சொல்வார்கள். சிகிச்சை அறையில் கிடைக்கும் நேரத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடிவதில்லை; அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வலிக்கிறதே என்று காலை ஆட்டாமல் அசைக்காமல் வைத்துக்கொள்வதுதான் நம் ஆட்களின் முட்டியை அதிகம் கெடுக்கிறது.

எலும்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, ஸ்பாஞ்சைப் போலத் திரவத்தை விட்டு விட்டு உறிஞ்சுகிறது. நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

நோய் வரும்போது குருத்தெலும்பு மெலிகிறது, ஆங்காங்கே வெடிப்பு விழுகிறது. அடியில் உள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் முளைகள் கிளம்புகின்றன. மூட்டின் உள்சவ்வு லேசாக அழற்சி கண்டு சில நாள் நீர் கோத்துக்கொள்கிறது. தொடைத் தசை இளைத்துப்போகிறது. ஆக, இது முழு மூட்டையும் பிடிக்கும் நோய். வலியும் நரம்பே இல்லாத குருத்தெலும்பிலிருந்து வருவதில்லை; சவ்வு, அடி எலும்பு, சுற்றியுள்ள தசைநார்கள் இவற்றிலிருந்து வருகிறது. மெலிந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்க இன்று மருந்து இல்லை. ஆனால் தசையை வளர்க்கலாம், சவ்வின் அழற்சியை அடக்கலாம், மூட்டின் மேல் விழும் சுமையைக் குறைக்கலாம். இந்த மூன்றுமே வலியைக் குறைக்கும்.

எனக்கு ஏன் வந்தது? வயதானால் எல்லாருக்கும் வருமா?

வயது ஒரு காரணம்தான், ஒரே காரணமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகம் முழுவதும் 52.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. முட்டிதான் அதிகம் பாதிக்கப்படும் மூட்டு, 36.5 கோடிப் பேர். 73 விழுக்காட்டினர் 55 வயதைத் தாண்டியவர்கள், 60 விழுக்காட்டினர் பெண்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது. குடும்ப வழியாகவும் வரும். இளவயதில் பந்து விளையாடி முட்டித் தசைநார் கிழிந்தவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே தலைகாட்டும். நாள் முழுக்கக் குந்தியும் மண்டியிட்டும் சுமை தூக்கியும் செய்யும் வேலை இன்னொரு காரணம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறையை நான் நிறையப் பார்க்கிறேன். விடியலில் மேடும் பள்ளமும் நடந்து, பால் வாளியைச் சுமந்த கால்கள் அவை.

அப்புறம் எடை. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு உடல் எடை அதிகம். கூடுதல் எடை மூட்டை அழுத்துவதோடு நிற்பதில்லை. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. எடை தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ரேயில் நான்காம் நிலை என்று போட்டிருக்கிறதே?

எக்ஸ்ரேயைப் பார்த்து பூஜ்யத்திலிருந்து 4 வரை மதிப்பிடும் கெல்கிரென் லாரன்ஸ் முறை 1957-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எலும்பு முளைகள், எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி இவற்றை அது சொல்லும். உங்களுக்கு எவ்வளவு வலி, எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதைச் சொல்லாது. நான்காம் நிலையில் இருந்துகொண்டு சந்தைக்குப் போய்வருபவர்களும் உண்டு, இரண்டாம் நிலையிலேயே படி ஏறமுடியாமல் தவிப்பவர்களும் உண்டு. பிரிட்டனின் 2022 வழிகாட்டி, 45 வயதைத் தாண்டியவருக்கு நடமாடும்போது வலியும், காலையில் அரை மணி நேரத்துக்குள் விட்டுப்போகும் விறைப்பும் இருந்தால் எக்ஸ்ரே இல்லாமலேயே நோயைத் தீர்மானிக்கலாம் என்கிறது. படத்தைப் பார்த்துப் பயந்து நடையை நிறுத்திவிடாதீர்கள்.

இது யூரிக் ஆசிட்டாக இருக்குமோ? பருப்பையெல்லாம் நிறுத்திவிட்டேன்.

யூரிக் ஆசிட்டால் வரும் கவுட் பெரும்பாலும் திடீரென்று, ராத்திரியில், கால் பெருவிரலில் தொடங்கும். அந்த இடம் சிவந்து கொதிக்கும், போர்வை பட்டாலே உயிர் போகும். முடக்குவாதம் என்றால் இரண்டு கைகளின் சின்ன மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். தேய்மான வலி மெல்ல மெல்ல வரும். நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும்.

பருப்பு, உருளைக்கிழங்கு, தக்காளி இவற்றை விலக்கினால் தேய்மானம் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சைவம் சாப்பிடும் வயதான அம்மாக்கள் வாயு என்று சொல்லிப் பருப்பையும் நிறுத்திவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? தொடைத் தசை இன்னும் இளைக்கும். பருப்பு, தயிர், சோயாவில் செய்யும் தவ்வு, டெம்பே, முட்டை சாப்பிடுபவரானால் முட்டை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வலிக்கும் காலோடு நடந்தால் இன்னும் தேயாதா?

தேயாது. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், பதில் சொன்ன பிறகும் நம்ப மறுக்கிறார்கள். அமெரிக்காவில் 2004-இல் தொடங்கி ஏறத்தாழ 4,800 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் முட்டித் தேய்மானம் இருந்த 50 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தபோது, உடற்பயிற்சிக்காக நடந்தவர்களுக்கு அடிக்கடி வரும் முட்டி வலி புதிதாகத் தொடங்குவது நடக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஓட்டக்காரர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 அலசலில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாதவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் காணப்பட்டது. உங்களை ஓடச் சொல்லவில்லை. அளவான அசைவு மூட்டைக் கெடுக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

வலியை அளக்க ஒரு வழி இருக்கிறது. பத்துக்கு எவ்வளவு என்று உங்களையே கேளுங்கள். ஐந்து வரை போனால் பரவாயில்லை. மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள், நிறுத்த வேண்டாம்.

சரி, என்ன பயிற்சி செய்வது?

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நாற்காலிப் பயிற்சியைச் செய்யுங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, குதிகாலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். முட்டி உள்பக்கம் மடங்காமல் பாதத்தின் நேருக்கு இருக்கட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குங்கள். தொடைக்கு வேலை கொடுப்பதே அந்த இறக்கம்தான். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முடியாதவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம், கையை ஊன்றியும் எழலாம்.

இதோடு, உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. வாரத்துக்கு மூன்று நாள் போதும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் ஒன்றும் குறையவில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய கிளாட் என்னும் பயிற்சித் திட்டமும் இதே வழியில்தான் போகிறது. நோயை விளக்குவது, தசையைப் பலப்படுத்துவது, உடலின் அசைவைச் சீராக்குவது. பின்னர் பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன.

தாய் சீயும் நல்லது. 2016-இல் அமெரிக்காவில் 204 பேரிடம் ஒப்பிட்டபோது அது பிசியோதெரபிக்கு ஈடாக வலியைக் குறைத்தது. காலையில் பூங்காவில் சீனப் பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள், கூச்சப்பட வேண்டாம். யோகாவும் பலப்படுத்தும் பயிற்சிக்குக் குறைந்ததல்ல என்று 2025-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. முழுதாக மடங்கும் வஜ்ராசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நடக்க இடம் தேடுபவர்களுக்கு: ஜோர்ஜ்டவுனின் ஐந்தடிப் பாதைகள் கடைக்குக் கடை ஏறி இறங்கும், முட்டிக்காரர்களுக்குச் சரிப்படாது. கர்ப்பால் சிங் டிரைவ் கடற்கரை சமதளம். மழையோ வெயிலோ என்றால் குவீன்ஸ்பே மாலுக்குள் நடக்கலாம். கைத்தடி பிடித்தால் வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள்.

எடை குறைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்தே காட்டினார்கள். பிறகு 454 பேரோடு 18 மாதம் நடந்த அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும். காலை ரொட்டி சானாயும் இரண்டு வேளை தே தாரிக்கும் எங்கே போகின்றன என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், தொடங்க வேண்டிய இடம் அங்கேயே தெரியும்.

எந்த மாத்திரை நல்லது?

முதலில் மாத்திரையே வேண்டாம், பூசும் மருந்து. டைக்ளோஃபெனாக் ஜெல் முட்டிக்கும் கைவிரலுக்கும் நன்றாக வேலை செய்கிறது. ரத்தத்தில் கொஞ்சம்தான் கலப்பதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து குறைவு. ஒரு நாள் பூசிவிட்டுப் பார்க்கக்கூடாது. சில வாரம் தவறாமல் பூச வேண்டும். பாரசெட்டமோல் தேய்மான வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை என்று இப்போது தெரிகிறது.

டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், எட்டோரிகாக்சிப் போன்ற, அழற்சியை அடக்கும் மாத்திரைகள் வலியைக் குறைக்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இதய நோய் இவற்றைக் கிளப்பும். இந்த நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நீரிழிவுக்காரர் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவது பெரிய ஆபத்து. அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு டாக்டரைப் பார்க்கலாம். சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சில நாளைக்கு மட்டும், குறைந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளுகோசமைன்? மஞ்சள்?

குளுகோசமைனைப் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கிறார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்கவும். 2006-இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்குங்கள். மஞ்சளிலிருந்து எடுக்கும் கர்க்யூமின் சிறிய ஆய்வுகளில் வலியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஒருவர் விற்கும் பொடியைச் சாப்பிட்டேன், மூன்றே நாளில் வலி போய்விட்டது!

மூன்றே நாளில் போனது என்றால்தான் எனக்குப் பயம் வருகிறது. லேபிள் இல்லாத பொடியிலும், ஜாமு என்றும் நாட்டு மருந்து என்றும் விற்கப்படும் மாத்திரைகளிலும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது மலேசியாவில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. என்னிடம் வந்த ஓர் அம்மாவின் முகம் உருண்டு உப்பியிருந்தது. கை தோல் காகிதம் போல மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. சர்க்கரை எகிறிக் கிடந்தது. கைப்பைக்குள் தேன் பாட்டிலில் அந்தப் பொடி. முட்டி வலி மட்டும் உண்மையிலேயே இல்லை.

அதைவிட முக்கியமாக ஒன்று. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, உயிராபத்துகூட வரலாம். பொடியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். பதிவு பெற்ற மருந்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். உங்கள் அப்பா அம்மாவுக்கு நீங்களே பார்த்துக் கொடுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதில் தவறில்லை; மூட்டு சூடாக வீங்கியிருக்கும்போது மட்டும் வேண்டாம்.

ஊசி போடலாமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாக வலியைக் குறைக்கும். பேரன் கல்யாணத்துக்கு நடந்தாக வேண்டும் என்பது போன்ற நேரத்துக்கு அது உதவும். ஆனால் 2017-இல் வந்த ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்தது, வலியில் வேறுபாடும் இல்லை. நீரிழிவுக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். மூட்டுத் திரவம் போல வழவழப்புக்காகப் போடும் ஹயலுரோனிக் ஊசியின் பலன் மிகச் சிறியது. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிஆர்பி ஊசி, 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டபோது மேலாக இல்லை. ஸ்டெம் செல் ஊசியும் ஓராண்டு முடிவில் சாதாரண ஸ்டீராய்டு ஊசியை மிஞ்சவில்லை என்று 2023-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்டால் இதை மனதில் வையுங்கள்.

தரையில் உட்காரலாமா?

உட்கார்ந்து வலிக்காமல் எழ முடிந்தால் உட்காருங்கள். வலித்தால் முக்காலி. கோயிலில் அன்னதானத்தில் நாற்காலி கேட்பது மரியாதைக் குறைவல்ல. குந்தும் கழிப்பறைதான் மிகச் சிரமம். வீட்டில் அதை மாற்ற முடியாவிட்டால் மேலே வைக்கும் ஸ்டூல் வாங்கிக்கொண்டு, சுவரில் கைப்பிடி ஒன்று அடித்துவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சை எப்போது?

வலி ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது, வீட்டுக்குள் நடப்பதே பாடாக இருக்கிறது, பயிற்சியையும் மருந்தையும் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் முட்டி மாற்று அறுவையைப் பற்றிப் பேசலாம். நல்ல அறுவைதான். பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 கணக்கில், முழு முட்டி மாற்றுகளில் 82 விழுக்காடு 25 ஆண்டு தாங்குகின்றன. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதற்குப் பிறகும் வலி நீடிக்கிறது. சம்மணம் போடுவதும் மண்டியிடுவதும் பலருக்குத் திரும்ப வராது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அவசரமும் வேண்டாம். 2015-இல் டென்மார்க்கில், முட்டி மாற்றுக்குத் தகுதியான 100 பேரில் பாதிப் பேருக்கு அறுவையும், மீதிப் பேருக்குப் பயிற்சி, உணவு, மருந்து மட்டும் கொடுத்தார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது, கடுமையான பக்கவிளைவுகளும் அதிகம் வந்தன. அறுவை இல்லாத பிரிவில் கால்வாசிப் பேர்தான் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனார்கள். துளை வழியாக மூட்டைக் கழுவும் அறுவை தேய்மானத்துக்குப் பலனில்லை என்பது 2002-இலேயே, போலி அறுவையோடு ஒப்பிட்டு, தெரிந்துபோன விஷயம். அரசாங்க மருத்துவமனையில் செய்வதானால், உள்ளே வைக்கும் கருவியின் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புதிதாக என்ன வருகிறது?

எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசியை, பருமனும் முட்டி வலியும் உள்ள 407 பேரிடம் 68 வாரம் சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்கள் சராசரியாக 13.7 விழுக்காடு எடை குறைந்தார்கள், நூறு புள்ளி அளவுகோலில் வலி ஏறக்குறைய 42 புள்ளி இறங்கியது. வெற்று ஊசிக்காரர்களுக்கு 27.5 இறங்கியது. விலை அதிகம், நிறுத்தினால் எடை திரும்பும். சர்க்கரைக்குச் சாப்பிட்டு நமக்குப் பழக்கமான மெட்ஃபார்மின் மாத்திரையும் எடை அதிகமுள்ள 107 பேரிடம் ஆறு மாதத்தில் வலியைக் குறைத்தது என்று 2025-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது. ஆய்வு சிறியது. சர்க்கரை இல்லாதவர்கள் கணவரின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஸ்பிரிஃபெர்மின் என்னும் மருந்து குருத்தெலும்பைக் கொஞ்சம் தடிக்கச் செய்தது, ஆனால் வலி குறையவில்லை. டானெசுமாப் என்னும் மருந்து வலியைக் குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்ததால் 2021-இல் கைவிட்டார்கள். 2025-இல் ஏறக்குறைய 20 லட்சம் பேரின் மரபணுவை அலசி, இந்த நோயோடு தொடர்புள்ள 962 இடங்களைக் கண்டறிந்தார்கள். நாளைய மருந்துகளுக்கு அங்கிருந்து வழி பிறக்கும் என்று நானும் எதிர்பார்க்கிறேன்.

எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்?

முட்டி திடீரென்று சூடாகி, சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலும், கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே.

அம்மா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியே தீருவேன் என்கிறார். விடலாமா?

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மொத்தம் 513 படிகள். மூன்று மாதம் முன்பே நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கி, அடுக்குமாடிப் படியில் நாளுக்கொரு மாடி கூட்டிப் பழகியிருந்தால் பெரும்பாலானோரால் முடியும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். முட்டியை அதிகம் வாட்டுவது இறக்கம், அதனால் கைப்பிடி ஓரமாகவே இறங்கட்டும். கூட்டம் நெருக்கும் பூச நாளன்று வேண்டாம். முந்திய வாரத்தில் ஒரு விடியற்காலை கூட்டிப் போங்கள், அவர் விருப்பத்துக்கு நின்று நின்று ஏறலாம். பயிற்சி செய்யாமல் இருந்துவிட்டால் இந்த ஆண்டு சமதளத்தில் இருக்கும் செட்டியார் கோயிலில் கும்பிடட்டும். அடுத்த ஆண்டுக்கான பயிற்சியை மறுநாளே தொடங்கிவிடலாம்.